முடிக்காமல் விட்ட கிழக்குப் பக்கம்: போர்ட்லண்ட் ஸ்டேடியம் ஒன்றின் கதை

2010 செப்டம்பர் 6, அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்டேடியத்தில் (இன்றைய பெயர் பிராவிடன்ஸ் பார்க்), போர்ட்லண்ட் பீவர்ஸ் என்ற மைனர் லீக், அதாவது கீழ்நிலை லீக், பேஸ்பால் அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. அதற்கப்புறம் பிட்சர் (பந்து எறிபவர்) நிற்கும் மண்மேடு அங்கே திரும்ப எழவில்லை. ஏழு மாதம் கழித்து, 2011 ஏப்ரல் 14 அன்று கொட்டுகிற மழையில் அதே இடத்தில் கால்பந்து தொடங்கியது. அதே கூரைதான், பழைய கான்கிரீட் படிகள்தான். ஆட்டம் மட்டும் வேறு.

ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தைக் கால்பந்துக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த இடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால், இங்கே பேஸ்பாலும் வாடகைக்கு வந்த விருந்தாளிதான் என்று தெரிகிறது. அதற்கு முன்னால் இருந்தது நாய்ப் பந்தயம். அதற்கும் முன்னால் கல்லூரிக் கால்பந்து, அமெரிக்கர்கள் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. ஒவ்வொரு முறையும் ஒருவர் காலி செய்ய, இன்னொருவர் குடிவந்திருக்கிறார். கட்டடம் மட்டும் இடிபடாமல் நிற்கிறது. அமெரிக்காவில் இது அபூர்வம். இதே பீவர்ஸ் அணி முன்பு ஆடிய வான் தெரு மைதானம் 1901 இல் எழுந்தது. அணி வெளியேறிய கையோடு இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இந்த ஸ்டேடியம் எப்படித் தப்பியது? என் பதில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். இதைக் கட்டியவர்களிடம் காசு தீர்ந்துபோனதுதான் காரணம்.

பள்ளத்தில் ஒரு மைதானம்

இடம் முதலில். டானர் க்ரீக் என்றொரு ஓடை மேற்குக் குன்றுகளிலிருந்து இறங்கி வில்லமெட் ஆற்றில் கலந்தது. 1840களில் அதன் கரையில் ஒருவர் தோல் பதனிடும் பட்டறை வைத்தார்; ஓடைக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டம் போட்டு, விளைந்ததை நகரத்தில் கொண்டுபோய் விற்றார்கள். மல்ட்னோமா அத்லெடிக் கிளப் 1891 இல் தொடங்கி, 1893 இல் இங்கே மைதானம் அமைத்தது. ஓடை இப்போது குழாய்க்குள் புதைந்து கிடக்கிறது. பள்ளம் மட்டும் அப்படியே இருப்பதால், இந்த ஸ்டேடியத்துக்குள் மேலே ஏறிப் போக வேண்டியதில்லை. தெருவிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டும்.

இந்தப் பள்ளத்தால் இரண்டு விளைவுகள். ஒன்று, இயற்கையே பாதிக் காலரியைக் கட்டிக் கொடுத்துவிட்டது. சரிவில் படிகளை அடுக்கினால் போதும். இன்னொன்று, நான்கு பக்கமும் இடம் அடைபட்டுப்போனது. மூன்று பக்கம் தெரு, தெற்கில் கிளப்பின் சொந்தக் கட்டடம். பக்கவாட்டில் ஓர் அடிகூட விரிய முடியாது. பின்னால் நடந்த எல்லாச் சண்டைக்கும் சமரசத்துக்கும் இந்த நெருக்கடிதான் வேர்.

1926 இல் கிளப் இங்கே முறையான ஸ்டேடியம் கட்டியது. செலவு சுமார் 5,02,000 டாலர். வடிவமைத்தவர்கள் ஏ. ஈ. டாய்ல், மோரிஸ் வைட்ஹவுஸ். அன்றைய போர்ட்லண்டின் முகத்தை வரைந்த கட்டடக் கலைஞர்களில் டாய்ல் முக்கியமானவர். நடுநகரில் அவர் கை படாத தெரு குறைவு. அவர் மனதில் இருந்தது குதிரை லாட வடிவம். மேற்கில் ஒரு கை, வடக்கில் வளைவு, கிழக்கில் இன்னொரு கை. மேற்கும் வடக்கும் எழுந்தன, பணம் தீர்ந்தது. கிழக்குக் கை எழவே இல்லை. லாடத்துக்குப் பதிலாக மிஞ்சியது கொக்கி போன்ற ஒரு வடிவம். 18-வது அவென்யூ பக்கம் திறந்தே கிடந்தது.

அன்றைக்கு இது கிளப்புக்கு அவமானமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் முழு லாடமும் எழுந்திருந்தால் அந்த ஸ்டேடியம் ஒரே ஓர் ஆட்டத்துக்கான பாத்திரமாக இறுகியிருக்கும். திறந்த பக்கம் இருந்ததால், வருகிற ஒவ்வொரு ஆட்டமும் தனக்கு வேண்டியபடி காலை நீட்டிக்கொள்ள முடிந்தது.

நாய்கள், எல்விஸ், பேஸ்பால்

கடன் வாங்கிக் கட்டிய ஸ்டேடியம். மூன்றே ஆண்டில் பொருளாதாரப் பெருமந்தம். வருடத்தில் சில சனிக்கிழமைகள் மட்டும் நடக்கும் கல்லூரி ஆட்டங்களை நம்பி வட்டி கட்ட முடியாது. 1933 இல் கிளப் நாய்ப் பந்தயத்துக்கு இடம் கொடுத்தது. கௌரவமான கனவான்களின் உடற்பயிற்சிக் கிளப், சூதாட்டப் பந்தயத்துக்கு வாடகை வாங்கியது. கிளப்பைக் கடனிலிருந்து தூக்கி நிறுத்தியதில் அந்த நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955 வரை, இருபது வருடங்களுக்கு மேல் அவை ஓடின.

நாய்கள் போன மறு ஆண்டே, 1956 இல், பேஸ்பால் வந்தது. வான் தெருவின் மர ஸ்டேடியம் ஐம்பது வயதைத் தாண்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது. பசிபிக் கோஸ்ட் லீக் என்ற மைனர் லீகில் ஆடிய பீவர்ஸ் அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கியது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கால்பந்துக்கு வேண்டியது செவ்வகம். பேஸ்பாலுக்கு வேண்டியது விசிறி. விசிறியின் காம்பில் ஹோம் பிளேட்; அங்கேதான் மட்டையாளர் நிற்பார். அங்கிருந்து இரண்டு கோடுகள் செங்கோணத்தில் விரியும். 90 அடிக்கு ஒரு பேஸ், நான்கு பேஸ் சேர்ந்தால் ஒரு சதுரம், அதற்கு அப்பால் பெரிய புல்வெளி. மட்டையாளரைச் சுற்றியும் அந்த இரு கோடுகளின் ஓரத்திலும் உள்ளவைதான் விலை உயர்ந்த இருக்கைகள். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கொக்கியை நினைத்துப் பாருங்கள். மேற்கும் வடக்கும் சேரும் வளைவில் ஹோம் பிளேட்டை வைத்தால், ஒரு கோடு மேற்குக் காலரி ஓரமாகவும் இன்னொன்று வடக்குக் காலரி ஓரமாகவும் ஓடும். திறந்த கிழக்குப் பக்கம் விசிறியின் விரிந்த முனைக்கு வழி விடும். பேஸ்பாலுக்காகக் கட்டாத ஸ்டேடியம் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. தெரு நெருங்குகிற இடத்தில் சட்டை கொஞ்சம் இறுக்கம்தான். அங்கே உயரமான சுவர் வைத்துச் சமாளித்தார்கள். லாடம் முழுமையாகியிருந்தால் இந்த விசிறி விரிந்திருக்கவே முடியாது.

அடுத்த ஆண்டு, 1957 செப்டம்பர் 2 அன்று, எல்விஸ் பிரெஸ்லி வந்து பாடினார். சுமார் 14,000 பேர் கூடினார்கள். ஸ்டேடியத்தில் ராக் இசைக் கச்சேரி என்பதே அன்று புதுசு. 1953 இல் பனிச்சறுக்குத் தாவல்கூட இங்கே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் கேளிக்கைப் பட்டியல் மாதிரி ஆகிவிடும், அதனால் விடுகிறேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வருடத்தில் எழுபது நாள் பேஸ்பால் ஆடினாலும் மிச்ச நாட்களை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு முதலாளிக்கும் தலைவலி அதுதான்.

நகராட்சியின் கைக்கு

1960களின் இரண்டாம் பாதியில் கிளப் ஸ்டேடியத்தைக் கைகழுவ முடிவு செய்தது. நகராட்சி 21 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டு, சிவிக் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தது. கிளப் தன் கட்டடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இன்றும் அதன் ஜன்னல்கள் தெற்குக் கோலுக்குப் பின்னால் நின்று மைதானத்தை எட்டிப் பார்க்கின்றன.

1969 இல் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை விரித்தார்கள். போர்ட்லண்டின் மழையை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. இலையுதிர் காலத்தில் தொடங்கினால் வசந்தம் முடியும்வரை சிணுங்கிக்கொண்டே இருக்கும் மழை. பேஸ்பால் சீசன் தொடங்குவது ஏப்ரலில். ஈர மண்ணில் பேஸ்பால் ஆட முடியாது. கால்பந்து ஆடலாம், சேற்றில் ஆடினால் இன்னும் சுவாரசியம். இந்த வித்தியாசம் நாற்பது வருடம் கழித்துத் தீர்ப்பு எழுதும்போதும் ஒரு மூலையில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1972 சீசன் முடிந்ததும் பீவர்ஸ் ஸ்போக்கேனுக்குப் போய்விட்டது. மைனர் லீகின் குணம் இங்கேதான் புரியும். அணி என்பது ஊருக்குச் சொந்தமில்லை. உரிமம் ஒரு முதலாளியிடம் இருக்கும். அவர் விற்கலாம், வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆட்டக்காரர்களோ அந்த முதலாளியின் ஆட்களே இல்லை. மேலே இருக்கிற மேஜர் லீக் அணி அனுப்பிவைக்கும் பயிற்சிக்காரர்கள் அவர்கள். நன்றாக ஆடுகிறவனை நடு சீசனில் மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். ரசிகன் ஒரு பெயரை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அந்தப் பையன் வேறு ஊரில் இருப்பான்.

அந்த வெற்றிடத்தில் 1973 இல் வந்தது போர்ட்லண்ட் மேவரிக்ஸ். எந்த மேஜர் லீக் அணியையும் சாராத, தானே ஆட்களைப் பொறுக்கி எடுத்த தனி அணி. முதலாளி பிங் ரஸ்ஸல், தொலைக்காட்சி நடிகர். ஹாலிவுட் நடிகர் கர்ட் ரஸ்ஸலின் அப்பா. வேறு அணிகள் கழித்துவிட்டவர்கள், வயதானவர்கள், முரடர்கள் எல்லாரும் அங்கே இடம் பிடித்தார்கள். ஊர் அவர்கள்மேல் பைத்தியமானது. கீழ்மட்ட லீகில் ஆடியும் கூட்டத்தில் சாதனை படைத்தார்கள். விளைவு என்ன தெரியுமா? காலியாகக் கிடந்த ஊரில் மறுபடி காசு புரள்கிறது என்று பசிபிக் கோஸ்ட் லீக் திரும்பி வந்தது. மேவரிக்ஸ் வழிவிட வேண்டியதானது. மத்தியஸ்தத்துக்குப் போய் 2,06,000 டாலர் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு பிங் ரஸ்ஸல் வெளியேறினார். 1978 இல் பீவர்ஸ் மறுபடி வந்தது.

அதே காலத்தில்தான் கால்பந்தும் இங்கே வேர் பிடித்தது. 1975 இல் போர்ட்லண்ட் டிம்பர்ஸ் என்ற அணி வட அமெரிக்கக் கால்பந்து லீகில் சேர்ந்து, முதல் வருடமே இறுதிப் போட்டிக்குப் போனது. அந்தக் கோடையில் 30,000 பேருக்கு மேல் இந்தப் பள்ளத்துக்குள் திரண்ட நாளும் உண்டு. அப்புறம் 1977 ஆகஸ்ட் 28. லீகின் இறுதிப் போட்டியில் நியூயார்க் காஸ்மாஸ் 2-1 என்று சியாட்டில் சவுண்டர்ஸை வென்றது. பார்த்தவர்கள் 35,548 பேர். பெலே ஆடிய கடைசி அதிகாரபூர்வமான ஆட்டம் அது. ஒரு மைனர் லீக் பேஸ்பால் ஊரில், வாடகை மைதானத்தில், உலகின் மிகப் பெரிய கால்பந்துக்காரர் கடைசியாகப் பரிசுக் கோப்பைக்காக ஆடினார். இதைப் போர்ட்லண்ட் மறக்கவே இல்லை. 2009 இல் கால்பந்துக்காக நகரம் எடுத்த முடிவு 1977 இலேயே பாதி எடுத்தாகிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

2001: பேஸ்பாலுக்காக ஒரு புதுப்பிப்பு

1993 இல் பீவர்ஸ் மறுபடி ஓடிவிட்டது, இம்முறை சால்ட் லேக் சிட்டிக்கு. 1995 முதல் ராக்கீஸ் என்றொரு கீழ்மட்ட அணி வந்து ஆடியது. கட்டடமோ மூப்படைந்துகொண்டிருந்தது. இடையே 1997 இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. மேற்குப் பக்க மேக்ஸ் ரயில் பாதையின் முதல் பகுதி திறந்து, ஸ்டேடியத்தின் வாசலிலேயே நிலையம் வந்தது. வண்டி நிறுத்த இடமில்லாத இந்தப் பள்ளத்துக்கு அது உயிர்த்தண்ணீர். அமெரிக்காவில் எத்தனையோ ஸ்டேடியங்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு ஓடிப்போனது கார் நிறுத்தும் இடத்துக்காகத்தான்.

2000-01 இல் நகராட்சியும் போர்ட்லண்ட் ஃபேமிலி என்டர்டெயின்மென்ட் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து 3.85 கோடி டாலர் செலவில் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பழைய கான்கிரீட்டை வலுப்படுத்தினார்கள். புது இருக்கைகள், பணக்காரர்களுக்கான அறைகள், நல்ல சாப்பாட்டுக் கடைகள் வந்தன. மின்சார நிறுவனம் ஒன்று காசு கொடுத்துப் பெயர் உரிமை வாங்க, ஸ்டேடியம் பிஜிஈ பார்க் ஆனது. அல்புகர்க்கி ஊரின் ட்ரிபிள்-ஏ அணியை வாங்கிக் கொண்டுவந்து பீவர்ஸ் என்று பழைய பெயரையே சூட்டினார்கள். மைனர் லீகில் ட்ரிபிள்-ஏதான் உச்சி. அதற்கு மேல் மேஜர் லீக். அணியை இழந்த அல்புகர்க்கி சும்மா இருக்கவில்லை. தன் பழைய மைதானத்தைப் புதுப்பித்து, கால்கரியின் அணியை 2003 இல் இழுத்துக்கொண்டது. கால்கரி தன் அணியை இழந்தது. இந்த நாற்காலி விளையாட்டில் எப்போதும் ஏதாவது ஓர் ஊர் நின்றுகொண்டுதான் இருக்கும்.

கட்டட வேலை நன்றாக வந்தது. கணக்குதான் வரவில்லை. ஸ்டேடியத்தை நடத்த வந்த நிறுவனம் இரண்டொரு வருடத்தில் பணமுடையில் மூழ்கியது. அணியைப் பசிபிக் கோஸ்ட் லீகே எடுத்து நடத்த வேண்டியதானது. பீவர்ஸ் அதற்கப்புறம் கைமாறிக்கொண்டே போய், 2007 இல் மெரிட் பால்சன் என்பவரிடம் சேர்ந்தது. அப்போது அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஹென்றி பால்சனின் மகன் அவர். பீவர்ஸோடு, 2001 இல் அதே பெயரில் உயிர்பெற்றிருந்த இரண்டாம்நிலை டிம்பர்ஸ் அணியும் அவர் கைக்கு வந்தது.

2001 திட்டத்தின் கோளாறு என்று நான் பார்ப்பது இதை. கட்டடத்தை மேஜர் லீக் விலைக்குப் புதுப்பித்துவிட்டு, மைனர் லீக் டிக்கெட்டால் அந்தச் செலவை எடுக்கப் பார்த்தார்கள். மைனர் லீக் பேஸ்பாலின் கவர்ச்சியே அது மலிவு என்பதுதான். குடும்பத்தோடு போகலாம், பிள்ளைகள் ஓடி விளையாடலாம், யார் ஜெயித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து நினைவிருக்காது. அதன் விலையை ஏற்றினால் அது அதுவாக இருக்காது. ஆனாலும் அந்தச் செலவு முழுக்க வீண் இல்லை. நிலநடுக்கத்துக்காக வலுப்படுத்திய எலும்புகள் இல்லாமல் பின்னால் வந்த இரண்டு புதுப்பிப்புகளும் சாத்தியமாகியிருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டு ஆட்டம், ஒரு தரை

2001 முதல் 2010 வரை பேஸ்பாலும் கால்பந்தும் ஒரே தரையைப் பகிர்ந்துகொண்டன. சொல்வது எளிது. பிட்சர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம்; கால்பந்துக்கு அதை அகற்ற வேண்டும். பேஸ்களைச் சுற்றியுள்ள மண்ணை மூட வேண்டும். கோடுகளை அழித்துப் போட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைக்க வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் கோடைதான் சீசன் என்பதால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலை பார்க்கிற வசதியும் இல்லை.

பார்வையாளர் கோணம் இதைவிடச் சிக்கல். பேஸ்பாலுக்குப் பொன்னான வளைவு, கால்பந்துக்கு வெறும் மூலை. ஆனால் அந்த வடக்குப் பக்கத்தை, பேஸ்பால்காரர்கள் கனவிலும் நினைக்காத விதத்தில், டிம்பர்ஸ் ரசிகர் கூட்டம் பிடித்துக்கொண்டது. டிம்பர்ஸ் ஆர்மி என்று பெயர். தொண்ணூறு நிமிடமும் நின்றபடி பாடுவார்கள். பழைய கூரை அந்தச் சத்தத்தை அப்படியே மைதானத்துக்குத் திருப்பி அடிக்கும். டிம்பர்ஸ் கோல் போட்டால் மரம்வெட்டி வேடம் போட்டவர் மோட்டார் ரம்பத்தால் பெரிய மரக்கட்டையிலிருந்து ஒரு வட்டத் துண்டை அறுப்பார். கோல் போட்டவருக்கு அது பரிசு. மரவியாபாரத்தில் வளர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கொண்டாட்டம் கிடைக்காது.

2009: யார் வெளியே?

2009 மார்ச் 20 அன்று, முதல்நிலைக் கால்பந்து லீகான மேஜர் லீக் சாக்கர் போர்ட்லண்டுக்கு அணி தருவதாக அறிவித்தது. நுழைவுக் கட்டணம் 3.5 கோடி டாலர். ஸ்டேடியம் முதன்மையாகக் கால்பந்துக்கானதாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சுமார் 3.1 கோடி டாலர் திட்டம் போட்டார்கள். கிழக்குப் பக்கம் கடைசியில் இருக்கைகளால் நிரம்பப் போகிறது. அப்படியானால் பேஸ்பாலின் விசிறிக்கு இடம் இல்லை.

பேஸ்பாலை விரட்டுவது யாருடைய திட்டமும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு அணியும் பால்சனுடையவை. பீவர்ஸுக்குத் தனியாக ஒரு சிறு மைதானம் கட்டுவதுதான் யோசனை. முதலில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மெமோரியல் கொலிசியத்தை இடித்து அங்கே கட்டலாம் என்றார்கள். கட்டடக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாக எழுந்த மண்டபம் என்பதால் முன்னாள் படைவீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். திட்டம் படுத்தது. அந்த மண்டபம் அதே ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது. அடுத்து, தென்கிழக்கில் லென்ட்ஸ் பார்க். சாதாரண ஜனங்கள் வாழும் பகுதி, அங்கே ஒரு பழைய சிறு பேஸ்பால் மைதானமும் இருந்தது. எங்கள் பூங்காவை எடுக்காதே என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். புறநகர்களிலும் பேசிப் பார்த்தார்கள். எதுவும் அமையவில்லை.

சரி, கணக்கைப் பார்க்கலாம். ட்ரிபிள்-ஏ அணிக்கு அப்போது சீசனுக்கு 72 உள்ளூர் ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் 3,60,000 பேர். மேஜர் லீக் சாக்கரில் லீக் ஆட்டங்கள் 17 மட்டும். ஆட்டத்துக்கு இருபதாயிரம் என்று வைத்தால் 3,40,000. தலைக்கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை! வித்தியாசம் தலைக்கு எவ்வளவு வசூல் என்பதில், தொலைக்காட்சியில், சீசன் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில். நகராட்சிக்குக் கடன் அடைக்க அதுதான் வேண்டும். ஆனால் நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறு சித்திரம். ஊரில் யார் வேண்டுமானாலும் மாலையில் திடீரென்று நினைத்துக்கொண்டு, சில டாலருக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஐம்பத்தைந்து கோடை இரவுகள் வருடா வருடம் காணாமல் போயின. எந்தத் திட்ட அறிக்கையின் வரவு செலவிலும் இது நஷ்டமாக ஏறாது.

என் பார்வையில் 2009 முடிவு கட்டடத்துக்குச் சரியானது; செய்த வரிசைதான் தப்பு. பேஸ்பாலுக்கு மாற்று இடம் உறுதியாவதற்கு முன்பே கால்பந்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. கெடு தலைக்கு மேல் தொங்கும்போது எந்த அக்கம்பக்கத்தாரும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வர மாட்டார்கள். காத்திருந்தாலே ஜெயம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பீவர்ஸ் விலைபோனது. முதலில் டூசானில் தற்காலிகமாக ஆடியது. கலிஃபோர்னியாவின் எஸ்கண்டிடோவில் மைதானம் கட்டும் திட்டம் கைகூடவில்லை. கடைசியில் டெக்சஸின் எல் பாசோ நகரம் அந்த அணியைப் பிடித்தது. இடம் வேண்டுமே? தன் நகரமன்றக் கட்டடத்தையே 2013 இல் வெடிவைத்துத் தகர்த்து, அந்த மண்ணில் மைதானம் கட்டியது. 2014 இல் எல் பாசோ சிவாவாஸ் என்ற பெயரில் அணி ஆடத் தொடங்கியது. ஓர் ஊர் பூங்காவின் ஒரு மூலையை விட்டுத்தர மறுத்த அணிக்காக இன்னோர் ஊர் தன் நகரமன்றத்தையே தரைமட்டமாக்கியது. இரண்டு ஊரில் எது விவேகமானது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன், விடை கிடைக்கவில்லை.

2019: தெருவுக்கு மேலே

ஜெல்ட்-வென் ஃபீல்ட் என்ற புதுப் பெயரோடு 2011 இல் திறந்த ஸ்டேடியத்தில் முதல் லீக் ஆட்டத்தில் டிம்பர்ஸ் 4-2 என்று சிகாகோ ஃபயரை வென்றது. 2013 முதல் பெண்கள் அணியான தோர்ன்ஸும் இங்கே ஆடுகிறது. 2014 இல் பெயர் மறுபடி மாறி பிராவிடன்ஸ் பார்க் ஆனது. டிக்கெட்டுகள் தீர்ந்துபோவது வழக்கமாகி, சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீண்டது.

மறுபடி அதே கேள்வி: எங்கே விரிவது? தெற்கில் கிளப், வடக்கிலும் மேற்கிலும் பழைய காலரி, கிழக்கில் தெரு. பால்சன் தரப்பு 8.5 கோடி டாலரைத் தானே போட, அல்லைட் வொர்க்ஸ் என்ற போர்ட்லண்ட் கட்டடக் கலை நிறுவனம் விடை கண்டது. பக்கவாட்டில் முடியாதென்றால் மேலே போவது. 18-வது அவென்யூவின் நடைபாதைக்கு மேலாக ஒரு கூடாரம் போல வளைத்து, எஃகுச் சட்டத்தில் அடுக்கடுக்காக இருக்கைகளை ஏற்றினார்கள். புவனோஸ் ஐரெஸின் லா பொம்பொனேரா ஸ்டேடியத்தின் செங்குத்தான பெட்டி அடுக்குகளும், ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் நாடக அரங்கும் இதற்குத் தூண்டுதல் என்று சொன்னார்கள். போஸ்டர் வாசகம் போலத் தோன்றினாலும், அங்கே நின்று கீழே பார்த்தால் ஒப்புமை புரியும். மைதானம் காலடியில் மேடை போலக் கிடக்கும்.

நடைபாதையை மூடிவிடாமல், மேலே கட்டடம், கீழே மக்கள் நடக்கும் மண்டபம் என்று செய்தது இந்த வேலையின் மிக நல்ல பகுதி. ஆட்டமில்லாத நாளில் ஸ்டேடியம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எல்லா ஊரிலும் உள்ள நோய். இங்கே மழைக்கு ஒதுங்கவாவது அது உதவுகிறது. போர்ட்லண்டில் அது சின்ன விஷயமில்லை.

சுமார் 4,000 இருக்கைகள் கூடின. மொத்தம் 25,218. வேலை முடியும்வரை டிம்பர்ஸ் சீசனின் முதல் 12 ஆட்டங்களையும் வெளியூரிலேயே ஆடியது. 2019 ஜூன் 1 அன்று வீடு திரும்பி, லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி அணியிடம் 2-3 என்று தோற்றது. டாய்ல் வரைந்த லாடத்தின் கிழக்குக் கை, 93 வருடம் கழித்து, அவர் கற்பனை செய்திருக்கவே முடியாத உயரத்தில் எழுந்துவிட்டது.

இந்த முழுமைக்கும் விலை உண்டு. போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வெளியேறி, ஹில்ஸ்பரோ என்ற புறநகருக்குப் போனது. 1893 இலிருந்து யார் யாரோ மாறி மாறிக் குடியிருந்த மைதானம், முதல்முறையாக ஒரே ஆட்டத்தின் வீடாகியிருக்கிறது. கால்பந்துக் காய்ச்சல் தணிந்தால் அடுத்து யாரைக் குடிவைப்பது? இனி திறந்த பக்கம் என்று ஒன்று கிடையாது. இண்டியானாபொலிஸில் 1931 இல் எழுந்த புஷ் ஸ்டேடியம் என்ற மைனர் லீக் மைதானம், 1996 இல் அணி வெளியேறியதும் மண்பாதைக் கார்ப் பந்தயத்துக்குப் போய், பழைய கார்கள் கிடக்கும் கிடங்காகி, 2013 இல் அடுக்குமாடிக் குடியிருப்பாக மறுபிறவி எடுத்தது. ஹோம் பிளேட் இருந்த பக்கத்தில் இன்று யாரோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் அதற்கப்புறம் அது ஸ்டேடியம் இல்லை.

பேஸ்பால் போர்ட்லண்டை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. 2013 இல் ஹாப்ஸ் என்றொரு மைனர் லீக் அணி யாக்கிமாவிலிருந்து ஹில்ஸ்பரோவுக்கு வந்தது. மேஜர் லீக் அணியையே கொண்டுவர வேண்டும் என்று 2018 முதல் ஒரு குழு முயன்றுவருகிறது. நகர எல்லைக்குள்ளே கோடையில் கல்லூரிப் பையன்கள் ஆடும் பிக்கிள்ஸ் என்ற அணி 2016 இல் தொடங்கியது. ஊறுகாய் வெள்ளரிக்காய்தான் சின்னம். வெயில் சாயும் நேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து மரப் பலகையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் ஆடுவது எங்கே என்றால், லென்ட்ஸ் பார்க்கில், பீவர்ஸுக்குத் தர மறுத்த அதே பூங்காவின் பழைய மைதானத்தில்.